இடக்கைச் சுற்று

சுற்று ஆறுதான். அவள் சுற்றுவதும் ஆறுதான். கம்பியும் அதே கம்பி, அலமாரியில் தையல் பெட்டிக்குள் இருக்கும் உருளையிலிருந்து வெட்டியது. ஆனாலும் இதை லோகேஸ்வரி சுற்றவில்லை. கையை நீட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடியும் பார்த்தாள். இல்லை, இது அவள் கை இல்லை. பட்டர்வொர்த்தில் ஒன்பதாம் மாடி வீடு, சாப்பாட்டு மேசை, மேசைமேல் பழைய பேப்பர், பேப்பர்மேல் எவர்சில்வர் தட்டு, தட்டில் புருஷன் தேவேந்திரன் சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் வேப், தலை வேறு உடம்பு வேறாகக் கழன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் உட்காரும் வேலை இது. தலையை ரெடிமேடாக வாங்கி மாட்டி, தீய்ந்ததும் வீசிவிடும் வகை இல்லை தேவேந்திரனுடையது. உள்ளே இரண்டு குட்டித் தூண்கள், தூண்களுக்கு நடுவில் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு, பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் மாம்பழ வாசனை ஜூஸ். பித்தானை அழுத்தினால் சுருள் சூடாகும், ஜூஸ் புகையாகும். பஞ்சு கருகும், சுருளில் கரி ஏறும், வாராவாரம் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டுவது அவள். நாலு வருஷமாக அவள்தான், அவள் மட்டும்தான். அப்படித்தான் இந்த நிமிஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். கட்டைவிரல் நகத்தைச் சுருளின் முதுகில் வைத்து மெல்ல இழுத்தாள். அவள் சுற்றிய சுருளென்றால் நகம் வழுக்கி வலப்பக்கம் போகும். இது இடப்பக்கம் போனது. திரும்ப இழுத்தாள். திரும்பவும் இடப்பக்கம்.  

பதினோரு வருஷம் பிறை தொழிற்பேட்டையில் கம்பி சுற்றியவளுக்கு இது தெரியாமல் போகுமா. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மத்தியான மணி அடிக்கும்வரை எடுக்கக் கூடாது, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, அரிசி மணி அளவு சுருள். இடது கையில் கம்பியைச் சுற்றும் தண்டு, வலது கை சுற்றும். எல்லாப் பெண்களின் சுருளும் ஒரே பக்கமாக ஏறும், ஒருத்தியுடையதைத் தவிர. நோர்மா என்று ஒரு மலாய்க்காரப் பெண், நல்ல சிரிப்பு, இடதுகைக்காரி. அவள் தண்டை வலது கையில் பிடித்து இடது கையால் சுற்றுவாள், அவள் தட்டிலிருக்கும் சுருளெல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் எதிர்ப்பக்கமாக ஏறியிருக்கும். சூப்பர்வைசர் வந்து மொத்தத்தையும் குப்பையில் கொட்டுவார். நோர்மா அழாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால் சுற்றப் பழகினாள், ஒரு மாசம் ஆனது. அந்த நோர்மாவின் சுருள் மாதிரிதான் இது. ஆகையால் இதைச் சுற்றியவர் யாரோ, இடதுகைக்காரர். ஆணா பெண்ணா என்று சுருள் சொல்லாது. ஆனால் லோகேஸ்வரியின் மனசு சொல்லிவிட்டது, அது இதற்காகவே காத்துக்கொண்டிருந்தது போல. பெண். ஜூஸ் வாங்கும் கடையில் நிற்கும் பெண், ஷர்மினி. வாய் கூசாமல் ஒருநாள் இவரே சொன்னார், அந்தக் கடைப் பொண்ணு கட்டிக் கொடுத்தா எப்படி இருக்கும் தெரியுமா, கை அவ்வளவு நேர்த்தி. அன்றைக்கு அதை விட்டுவிட்டாள். என்ன சொல்லிவிட்டார் பெரிதாக, ஒரு கையைப் பாராட்டினார். கையை. அவர் அவளுடைய கையையும் ஒருகாலத்தில் அப்படித்தானே பாராட்டினார்.

அந்தப் பெண் இடதுகைக்காரியா? யோசி, லோகா, யோசி. கடைக்கு இரண்டு தடவை போயிருக்கிறாள். முதல் தடவை இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், அவள் மட்டும் உள்ளே போனாள். கண்ணாடி அலமாரி, நீல விளக்கு, மூக்கைத் துளைக்கும் பழ வாசனை. மெலிந்த பெண், நெற்றியில் பொட்டில்லை, நகத்துக்குக் கறுப்புச் சாயம். லோகேஸ்வரி பஞ்சுப் பொட்டலம் ஒன்று கேட்டாள். மீதிச் சில்லறையை நீட்டினாள் அந்தப் பெண். எந்தக் கையால்? சட்டென்று கண்முன் வந்தது. அவள் நீட்டியதை வாங்கத் தான் ஒரு நொடி தயங்கியதும், அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை மாற்றியதும். சாரி அக்கா, பழக்கம். ஆமாம், அப்படித்தான் சொன்னாள். சாரி அக்கா, பழக்கம். இடது கை. அப்போது மனசுக்குள் மன்னித்துவிட்டது இப்போது திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. சாரி அக்காவாம். எதற்கு சாரி? ஒன்று கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றது, அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நாளாகவே ஞாயிற்றுக்கிழமை வேப்பை அவரே கழற்றி, பழைய சுருளைப் பிடுங்கிப் போட்டு, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துக் காலியாகத்தான் கொண்டுவந்து வைக்கிறார். நீ எதுக்குக் கரியில கை வைக்கிற, நான் கழுவித் தர்றேன். அன்பு என்று நினைத்தாளே. அன்பாவது. பிடுங்கிப் போட்டது யாருடைய சுருள் என்று அவள் பார்த்துவிடக் கூடாது, அதுதான் விஷயம். அவள் கட்டிக் கொடுத்ததை நடுவாரத்தில் கழற்றி எறிந்துவிட்டு அங்கே போய்க் கட்டிக்கொண்டு வருகிறார். இன்றைக்கு முடி வெட்டப் போகிற அவசரத்தில் கழுவ மறந்துவிட்டார். முடி எதற்கு இப்போது? போன மாசம்தான் வெட்டினார். யாருக்குக் காட்ட?

சமையலறையில் குழாய் சொட்டியது. எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தாள். இறுக்கியும் சொட்டியது. அந்தக் கால்சட்டைப் பைகள். துவைக்கப் போடும்போது இவர் கால்சட்டைப் பையில் துண்டு துண்டாகக் கம்பி, கோணலும் மாணலுமாக. வேலையிடத்துக் குப்பை என்று கொட்டிவிட்டாள். இடது கட்டைவிரலில் ஒரு தீக்காயம், மோட்டார் சைலன்சரில் பட்டது என்றார். சைலன்சர் இருப்பது வலப்பக்கம், குனிந்து இடது கையால் தொடுவானேன்? அப்போது கேட்கத் தோன்றவில்லை, மஞ்சள் குழைத்துப் பூசிவிட்டாள், பூசிவிட்ட கையை வெட்டிப்போட வேண்டும். அப்புறம் அந்த சிகரெட் நாற்றம். எட்டு வருஷம் முன்னால் அவள் அழுது அடம்பிடித்து விடவைத்த சிகரெட், அதன் இடத்துக்குத்தான் இந்த வேப்பே வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் சட்டையெல்லாம் சிகரெட் நாற்றத்தோடு வந்தார். பக்கத்துல பிடிச்சானுங்க என்றார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்புறம் அந்த விளக்கு. சாப்பாட்டு மேசைக்கு மேலே நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கூசுகிற வெள்ளை பல்பு ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். கேட்காமலே. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் கேட்காமல் ஒரு ஆணி அடித்திருப்பாரா அந்த மனுஷன்? குற்றமுள்ள நெஞ்சு வீட்டுக்கு ஏதாவது வாங்கிவரும், பூ வாங்கிவர இவருக்குத் தெரியாது, பல்பு வாங்கி வந்திருக்கிறார். அதையும் விடு, பேரங்காடியில் இலவசமாகக் கண் பார்க்கிறார்களாம், சனிக்கிழமை நீ போய்ப் பார்த்துட்டு வாயேன், நான் வீட்டுல இருக்கேன். இரண்டு தடவை சொன்னார். சனிக்கிழமை அவள் வீட்டில் இல்லாமல் இருப்பதில் அவருக்கு என்ன அவ்வளவு அக்கறை? யார் வருகிறார்கள் சனிக்கிழமை?

சுருளைத் தட்டில் போட்டாள். அதோடு பஞ்சையும் பார்த்தாள், அங்கே மட்டும் அற்பமாக ஒரு சந்தோஷம் கிடைத்தது. பஞ்சு நடுவில் கருகிக் கறுப்பாகி, இறுகிப் போய்க் கிடந்தது. அழுத்தித் திணித்திருக்கிறாள். ஜூஸ் ஊறவே வழியில்லாமல் அடைத்தால் நெருப்பு பஞ்சைத்தானே தின்னும். இழுத்தால் தொண்டையில் துணி எரிந்த வாடை அடித்திருக்கும். கை நேர்த்தியாம் கை, பஞ்சு வைக்கத் தெரியாதவளுக்கு என்ன நேர்த்தி. ஆனால் அந்தத் தீய்ந்த வாடையையும் வாரம் முழுக்க இழுத்துவிட்டு, நல்லா இருக்கு லோகா, இந்த வாரம் ரொம்ப நல்லா வந்திருக்கு என்று அவளிடமே சொன்னாரே. தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று எவளுடையதையோ புகழ்ந்தாரே. அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. கோபம் குறுக்கே நின்றது.

வேலையிடத்தில் ப்ரெஸ் மெஷின் அவர் கையை வாங்கிக்கொண்ட வருஷம் இந்த மனுஷன் மூன்று மாசம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பசியாறுங்க என்றால் பசியில்லை. மகள் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் இதே மேசையில் உட்கார்ந்து இந்த வேப்பைக் கட்டப் பார்த்தார். கம்பி மொட்டை விரலில் நிற்குமா? நழுவியது, எடுத்தார், நழுவியது, எடுத்தார். பிறகு மொத்தத்தையும் தூக்கிச் சுவரில் அடித்தார், கண்ணாடிக் குழாய் சிதறியது, மேசைமேல் கவிழ்ந்து கத்தி அழுதார். அவள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். கம்பி உருளையை எடுத்தாள். இது என்ன, அவள் தினம் நூற்றுக்கணக்கில் சுற்றியதைவிடப் பருமன், குழந்தை விளையாட்டு. திருப்புளித் தண்டில் ஆறு சுற்று, தூண் ஓட்டையில் சுருளின் இரு முனைக் கால்களை நுழைத்துத் திருகு இறுக்கி, நீட்டிக்கொண்டிருந்த காலை நறுக்கி, பஞ்சைக் கோத்து நுனியைக் கோதிவிட்டுக் கையில் கொடுத்தாள். இழுத்தார். புகை வந்தது. புகைக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தார், அந்த மூன்று மாசத்தில் முதல் தடவையாக. உன் கை இருக்கும்போது எனக்கு என்ன, என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாலு வருஷம் வண்டி ஓடுகிறது. இந்த வேப் சனியன் ஒழியட்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவளும் அவள்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரட்டும் என்று வாரம் முழுக்கக் காத்திருப்பவளும் அவள்தான். அவர் இதை விட்டுவிட்டால் இவள் கைக்கு அவரிடம் என்ன வேலை? இப்போது இன்னொரு கை வந்துவிட்டது. இதைவிட அந்தப் பெண்ணோடு அவர் படம் பார்க்கப் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இல்லை, பொறுத்திருக்க மாட்டாள். ஆனாலும் இது அதைவிட மோசம்.

சரி, கட்டு. கட்டிவிட்டுக் கேள். புதுக் கம்பியை வெட்டினாள். உருளை இளைத்துத்தான் போயிருக்கிறது, இவ்வளவா செலவழித்தோம்? திருப்புளியில் வைத்தாள், ஒன்று, இரண்டு, விரல் தன்பாட்டுக்குச் சுற்றியது, ஆறு. அது வரை தடையில்லை, விரலுக்குக் கண் வேண்டாம். கால் நுழைக்கும் இடத்தில்தான் வம்பு. தூணில் ஓட்டை எங்கே? இங்கேதான் இருந்தது. கம்பி நுனி தூணின் பக்கவாட்டில் முட்டி வளைந்தது. நிமிர்த்தினாள். மறுபடி முட்டியது. இந்தப் புது பல்பு எதற்கும் லாயக்கில்லை, எல்லாவற்றையும் கலங்கலாகக் காட்டுகிறது. மேல்மாடிக்காரி வேறு படுக்கை விரிப்பை ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிட்டிருக்கிறாள், இருக்கிற வெளிச்சத்தையும் அவளே பிடித்துக்கொள்கிறாள், வேண்டுமென்றே செய்கிறாள். கம்பியிலும் கலப்படம், முன்பு இப்படி வழவழப்பாக இருந்ததில்லை, கடையில் எதையோ தலையில் கட்டிவிட்டார்கள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டை ஓரளவு தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் பிடித்தால் கை நடுங்குகிறது. சின்னச் சாமானைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது தொழிற்சாலையில் வந்த பழக்கம் என்று சொல்லிக்கொண்டாள், தொழிற்சாலையில் கண்ணை மைக்ரோஸ்கோப்பில் அல்லவா ஒட்டி வைத்திருந்தாள் என்பது ஞாபகம் வந்தும் வராதது போல் விட்டுவிட்டாள். மகள்கூடப் போன வாரம் கேட்டாள், அம்மா, போனை ஏம்மா அவ்வளவு தூரத்துல பிடிக்கிற, கூரைதான் தெரியுது. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சொல்.

தொழிற்சாலையில் கண் மங்கியவர்களைத் திட்ட மாட்டார்கள். அதுதான் கொடுமை. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, இனிமேல் பேக்கிங்கில் இருங்கள், அங்கே வேலை லேசு என்பார். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் பஞ்சுத் திண்டை அடுக்கி, அதன்மேல் அடுத்தவர்கள் சுற்றிய சுருளை வைத்து மூடுவது. பேக்கிங்குக்குப் போனவர்கள் ஒரு வருஷத்தில் வீட்டுக்குப் போவார்கள். லோகேஸ்வரி பேக்கிங்கில் ஒரே ஒரு நாள் நின்றாள். மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் பகுதியையே வியட்நாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று புருஷனிடம் சொன்னாள், அக்கம்பக்கத்தில் சொன்னாள், சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது? அது வேறு, இது வேறு. இது புருஷன் விஷயம். கம்பி நுனி மூன்றாம் தடவையும் முட்டி வளைந்தபோது அவள் அதைத் தட்டில் எறிந்தாள். ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைதான், ஆனால் சுகமாக இருந்தது. கட்டாமலே கொடுப்போம். கடைக்காரியிடமே போய்க் கட்டிக்கொள்ளச் சொல்வோம். முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

பூட்டில் சாவி திரும்பியது. தேவேந்திரன் முடி வெட்டிக்கொண்டு, கழுத்தில் பவுடர் ஒட்டியபடி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

“முடி வெட்ட இவ்வளவு நேரமா?”

“எனக்கு முன்னுக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. கட்டிட்டியா?”

“இல்ல. இன்னிக்கு முடியல. நீங்க எடுத்துக்கிட்டுப் போய்க் கடையிலேயே கட்டிக்குங்க.” அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதான் அந்தப் பொண்ணு இருக்கால்ல. இடதுகைக்காரி.”

“எந்தப் பொண்ணு?”

“ஷர்மினி.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அவ எப்பவோ வேலைய விட்டு நின்னுட்டா. கல்யாணம் கட்டி ஈப்போ போயி ஒரு வருஷம் இருக்குமே. இப்ப ஒரு மலாய்ப் பையன்தான் இருக்கான்.”

நடிக்கிறாரா? நடித்தால் காது மடல் சிவக்கும், இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த காது. முடி வெட்டியதில் முழுசாகத் தெரிந்தது, சிவக்கவில்லை. அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். கரி பிடித்த பழைய சுருள் உருண்டு ஓரத்தில் நின்றது.

“அப்ப இத யாரு சுத்துனா?”

அவர் தட்டைப் பார்த்தார். அப்போதுதான் காது சிவந்தது. “கழட்ட மறந்துட்டனா,” என்றார் மெதுவாக, தனக்குத்தானே. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நான்தான்.”

“பொய் சொல்லாதீங்க.”

“நான்தான் லோகா.”

“எங்க, சுத்திக் காட்டுங்க பாப்போம்.”

காட்டினார். திருப்புளியின் பிடியை வலது உள்ளங்கையில் வைத்து, மீந்திருந்த இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் கவ்வி, மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டார். இடது கையால் கம்பியைப் பிடித்தார். நாக்கு பல்லுக்கிடையில் வந்து நின்றது. கம்பி நழுவியது, எடுத்தார். நழுவியது, எடுத்தார். சுவரில் எறியவில்லை. மூன்றாவது தடவை பிடித்தது. அவருடைய மொட்டை விரல்கள் எதையும் செய்யாமல் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. சுருள் இடப்பக்கமாக ஏறியது. நோர்மாவின் சுருள் மாதிரி, ஆனால் அவ்வளவு அழகில்லை, நாலாவது சுற்று கொஞ்சம் விலகியிருந்தது. இடதுகைக்காரர்கள் என்று உலகத்தில் யார் யாரையோ தேடினாளே, வலது கை போனவன் இடது கைக்காரன் ஆவான் என்று ஒரு நொடி தோன்றியிருக்குமா? தோன்றவே இல்லை. நாலு வருஷமாக அவள் கணக்கில் அவருக்குக் கையே கிடையாது. அவள்தான் அவருடைய கை. எவளும் இல்லை, எவளும் இல்லை என்று உடம்பெல்லாம் ஆறியது, ஆறிக்கொண்டிருக்கும்போதே வேறொரு இடத்தில் சுட்டது.

“எதுக்கு? நான் கட்டித் தர்றேன்ல?”

அவர் கம்பியின் காலை நுழைத்தார். சிரமப்படாமல் ஓட்டைக்குள் போனது. திருகை இறுக்கினார். நீட்டிக்கொண்டிருந்த நுனியை நறுக்கினார், இரண்டு பக்கமும், பிறகு விரலால் தடவி ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டார். அவர் அப்படித் தடவிப் பார்த்ததுதான் அவளை உறுத்தியது.

“என்னன்னு சொல்லுங்க.”

“தீபாவளிக்கு முந்தி ஒருநாளு வேலையில இருக்கும்போது அழுத்துனா ஷார்ட்னு காட்டுது. தொறந்து பாத்தேன். கம்பிக் காலு ஒரு பக்கம் நறுக்காம நீட்டிக்கிட்டு, குலுங்குனதுல போய் மூடியத் தொட்டிருக்கு. அன்னைக்கு முழுக்க எதுவும் இல்லாம, கடைசியில ஒருத்தன்கிட்ட சிகரெட்டு கேட்டு வாங்கிப் பிடிச்சிட்டேன்.”

“ஒரு தடவ மறந்திருப்பேன்.”

“ஒரு தடவ இல்ல,” என்றார். சொல்ல விருப்பமில்லாமல் சொன்னார். “அதுக்கப்புறம் எல்லா வாரமும்தான். ஒண்ணு காலு நீட்டியிருக்கும், இல்ல திருகு கம்பியவே பிடிச்சிருக்காது.”

மேல்மாடிக்காரியின் விரிப்பு காற்றில் விலகி மேசைமேல் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்திலும் அவள் எறிந்த கம்பி கலங்கலாகத்தான் கிடந்தது. பல்பு. இலவசக் கண் பரிசோதனை. கட்டைவிரல் காயம், சுருள் சிவந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்ச் சுட்டுக்கொண்டது. பையிலிருந்த கோணல் கம்பிகள், சாப்பாட்டு வேளையில், வேலையிடத்தில் அவர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்து பழகியது. ஒவ்வொன்றாக எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது. அவள் சந்தேகப்பட்டது சரிதான், அவளுக்குப் பதில் இன்னொரு கை வந்துதான் இருந்தது. எதனால் வந்தது என்பதில்தான் தப்பு.

“சொல்லியிருக்கலாமே. இத்தனை வாரமா எனக்குத் தெரியாம மறைச்சி மறைச்சி.”

“சொன்னா நீ கம்பியத் தொட மாட்ட. பேக்கிங்ல ஒரே நாளுதான நின்ன.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். 

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்பவே தெரியும். நோர்மா வீட்டுக்காரரு மீன் மார்க்கெட்டுல சொன்னாரு. நீ வியட்நாம்னு சொன்ன. சரி, வியட்நாம்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய்யைப் பிடித்துவிட்டுப் பேசாமல் வைத்திருந்தவர்மேல் வருகிற கோபம். அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. இத்தனை வருஷம் அவர் ‘வியட்நாமுக்கு மாத்திட்டானுங்க’ என்று பிறரிடம் சொல்லும்போதெல்லாம் அவளுக்காகச் சொல்லியிருக்கிறார். வேறொன்றும் சொல்ல வராமல், “பஞ்சு வச்சிருக்கிற லட்சணத்தப் பாருங்க. கரிக்கட்டையா இருக்கு,” என்றாள்.

“பஞ்சு எனக்கு வரமாட்டேங்குது,” என்றார் அவர், தப்பு செய்த பிள்ளை போல. “எவ்வளவு வச்சாலும் கருகுது. துணி எரிஞ்ச மாதிரி. வாரம் முழுக்க அதத்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

“நல்லா இருக்குன்னீங்க.”

“வேற என்ன சொல்றது?”

அவள் பஞ்சுப் பொட்டலத்தை இழுத்தாள். ஒரு கீற்றுப் பிய்த்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டினாள். இதற்குக் கண் வேண்டாம். எவ்வளவு தடிமன் என்று விரல் சொல்லும், சுருளுக்குள் இழுக்கும்போது கம்பி லேசாகக் கூட வர வேண்டும், வந்துவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. கண்ணை மூடிக்கொண்டே இழுத்தாள். நுனியை வெட்டினாள், கோதி மெலிதாக்கினாள், இரண்டு ஓரத்திலும் தொட்டும் தொடாமலும் படிய வைத்தாள். பாதியில் விரல் ஒரு நொடி நின்றது. அடுத்தவர் சுற்றிய சுருளுக்குப் பஞ்சு அடைக்கிறோம். பேக்கிங். எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம் என்று பழைய ரோஷம் எட்டிப் பார்த்தது. எங்கே போவது, இது வீடு. ஜூஸை ஊற்றி ஊறவிட்டு, மூடியைத் திருகி அவர் கையில் கொடுத்தாள். “பாத்துச் சொல்லுங்க,” என்றாள். நாலு வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் இழுத்தார். புகை மேசைக்கு மேலே பரவியது. “நல்லா இருக்கு,” என்றார்.

லோகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாய் கரிக்கட்டையையும் இதே குரலில் நல்லா இருக்கு என்று சொன்ன வாய். தெரிந்துகொண்டே வியட்நாம் என்று ஊரிடம் சொன்ன வாய். அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க. நானே பாத்துக்கறேன்.”

“நீயா?” என்றார், கொடுத்தார். இருபது வருஷமாக சிகரெட்டையும் வேப்பையும் திட்டிய வாயில் அவள் அந்த முனையை வைத்து, பித்தானைத் தடவிக் கண்டுபிடித்து, அழுத்தி இழுத்தாள். தொண்டை அடைத்துக் கண்ணில் தண்ணீர் முட்ட இருமினாள். அவர் எழுந்து முதுகைத் தட்டினார், இடது கையால். இருமல் அடங்கியதும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள். தீய்ந்த வாடை இல்லை. மாம்பழம்தான்.